பாரபட்சம் நீக்கும் பயிற்சி: ஒரு பார்ட் டைம் கணக்கு டீச்சரின் மதிப்புரை

முதலில் காசு விவரம். இந்தப் பயிற்சிக்கு நான் எதுவும் கட்டவில்லை, கல்லூரி கட்டியது. நேரில் போய் உட்கார்ந்த ஒரு நாளுக்கு மணிக்கணக்கில் ஒரு தொகை எனக்கும் உண்டு என்றார்கள். வீட்டிலிருந்து கம்ப்யூட்டரில் முடிக்கச் சொன்ன பாகத்துக்கு ஒன்றும் கிடையாது. நிரந்தர ஆசிரியர்களுக்கு இரண்டுமே ஃப்ளெக்ஸ் கணக்கில் சேரும். வகுப்பு நடக்காத சில நாட்களில் ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் சம்பளத்துக்குள்ளேயே அடங்கிய கடமை அது. எங்களைப் போன்றவர்கள் கதை வேறு, பிறகு வருகிறேன்.

கல்லூரியின் பெயரையும் பயிற்சி நடத்திய நிறுவனத்தின் பெயரையும் எழுதப் போவதில்லை. அடுத்த செமஸ்டரும் அங்கேதான் புள்ளியியல் எடுக்கப் போகிறேன். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவுக்குக் கிழக்கே இருக்கும் ஒரு கம்யூனிட்டி காலேஜ், அவ்வளவு போதும்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. கம்யூனிட்டி காலேஜ் என்றால் யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும் இரண்டாண்டுக் கல்லூரி. கட் ஆஃப், நுழைவுத் தேர்வு எதுவும் கிடையாது. கலிஃபோர்னியாவில் மட்டும் 116 இருக்கின்றன. மாநிலத்திலேயே குடியிருப்பவருக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவை எண்ணும் அலகு) 46 டாலர் கட்டணம். இரண்டு வருடம் இங்கே படித்துவிட்டு பெர்க்லிக்கோ சான் ஹோசேவுக்கோ மாறிப் போகிறவர்கள் உண்டு. வெல்டிங், நர்சிங், ஆட்டோ மெக்கானிக் என்று தொழில் படிக்கிறவர்களும் உண்டு. என் மாலை வகுப்பில் பள்ளியை அப்போதுதான் முடித்த பையன், கிடங்கில் ஷிஃப்ட் முடித்துவிட்டு வரும் அம்மா, பேரன் பேத்தி எடுத்த பிறகு டிகிரியை முடிக்க வந்த லாரி டிரைவர் எல்லோரும் ஒரே வரிசையில் இருப்பார்கள். தூத்துக்குடியில் நான் படித்த பெண்கள் கல்லூரியில் முப்பது பேருக்கும் ஒரே வயது, கிட்டத்தட்ட ஒரே சடை. அந்தக் கண்ணோடு இங்கே வந்து வகுப்பறைக்குள் நுழைகிறவருக்கு ஏதோ ஒரு பயிற்சி தேவைதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தப் பயிற்சியா என்பதுதான் கேள்வி.

ஏன் இது வந்தது என்பதற்குக் கணக்குத் துறையில் இருக்கிறவர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. முன்பெல்லாம் சேரும்போதே ஒரு தேர்வு வைப்பார்கள். அதில் குறைந்த மார்க் வாங்கியவரை அடிப்படைக் கணக்குக்கு அனுப்புவார்கள். அது முடிந்தால் அதற்கு மேல் ஒன்று, அப்புறம் இன்னொன்று. பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் பாடத்தைத் தொடுவதற்குள் ஆள் காணாமல் போய்விடும். அப்படிக் காணாமல் போனவர்களில் கறுப்பின, லத்தீனோ மாணவர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். 2017இல் வந்த கலிஃபோர்னியாவின் ஏபி 705 சட்டம் அந்த ஏணியைப் பெரும்பாலும் எடுத்துப் போட்டது. பள்ளி மதிப்பெண்ணைப் பார், நேராகப் புள்ளியியலில் சேர். வாசலைத் திறந்தாயிற்று, உள்ளே வந்தவர்களின் தேர்ச்சி விகிதத்தில் இடைவெளி இன்னும் இருக்கிறது. அடுத்து எங்கள் பக்கம் திரும்பினார்கள். ஆசிரியர், ஊழியர் எல்லோருடைய பணி மதிப்பீட்டிலும் சமத்துவம் சார்ந்த திறமைகள் இடம்பெற வேண்டும் என்ற மாநில விதி 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. இது எங்கள் கருத்துச் சுதந்திரத்தில் கை வைப்பது என்று கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகர்ப் பகுதிப் பேராசிரியர்கள் சிலர் அதே வருடம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 ஜனவரியில் வாஷிங்டனிலிருந்து, இந்த மாதிரிச் சமத்துவத் திட்டங்களை நிறுத்து என்று எதிர்த்திசையில் உத்தரவுகள் பறந்தன. எங்கள் பயிற்சியின் தலைப்பிலிருந்து இரண்டு சொற்கள் மட்டும் சத்தமில்லாமல் மறைந்தன. ஸ்லைடுகள் அதே ஸ்லைடுகள்தான்.

ஆன்லைன் பாகத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், அதற்கு மேல் அதற்குத் தகுதியில்லை. வீடியோ, வீடியோவுக்குக் கீழே ஒரு கேள்வி. சரியான விடை எது என்பது கேள்வியைப் படிக்காமலே தெரியும். நான்கு விடைகளில் நீளமானது, மிக நல்ல பிள்ளையாகப் பேசுவது. ஒரு வீடியோவை அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது ஓட விட்டேன், அதற்கும் நூற்றுக்கு நூறு.

நடுவில் ஐஏடி (இம்ப்ளிசிட் அசோசியேஷன் டெஸ்ட்) என்ற சோதனையைச் செய்யச் சொன்னார்கள். திரையில் முகங்களும் சொற்களும் மாறி மாறி வரும், இ, ஐ என்ற இரண்டு விசைகளில் ஒன்றை மின்னல் வேகத்தில் தட்ட வேண்டும். எந்த முகத்தோடு எந்தச் சொல்லைச் சேர்க்கும்போது விரல் தயங்குகிறது என்பதை மில்லி விநாடியில் அளந்து, மனதுக்குள் ஒளிந்திருக்கும் சாய்வைச் சொல்கிறார்களாம். 1998இல் ஆந்தனி கிரீன்வால்டும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்ட சோதனை. அதை உலகெங்கும் கொண்டுபோன மூவரில் ஒருவர் செகந்திராபாத்தில் பிறந்த மஹ்ஜரீன் பனாஜி. அறிவியலாக இது சுவாரசியமானதுதான். ஆனால் ஒரே ஆள் இன்று ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை செய்தால் இரண்டு விடைகளுக்கும் உள்ள ஒட்டுறவு சுமார் 0.5தான் (முழுக்கப் பொருந்தினால் 1). ஏறி நிற்கும்போதெல்லாம் வேறு எண் காட்டும் எடை மெஷினை வைத்து ஒருவரைக் குண்டு, ஒல்லி என்று சொல்ல முடியுமா? ஊர் முழுக்க ஏற்றி இறக்கிச் சராசரி வேண்டுமானால் பார்க்கலாம். தனிமனிதரைப் பற்றி முடிவு கட்ட இதை உபயோகிக்காதீர்கள் என்று அந்தச் சோதனையை நடத்தும் தளமே எச்சரிக்கிறது. எங்கள் பயிற்சியோ, வந்த விடையைப் பற்றி அரைப் பக்கம் எழுதி அனுப்பு, ‘உன் பயணத்தைப் பகிர்’ என்றது. நான் சோதனையின் நம்பகத்தன்மையைப் பற்றி அரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். அதற்கும் ‘நன்றி, அருமையான சிந்தனை’ என்று தானாகவே பதில் வந்தது.

கால்வின் லாய் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2016இல் ஒரு வேலை செய்தார்கள். இந்த உள்மனச் சாய்வை உடனடியாகக் குறைக்கும் என்று ஏற்கெனவே தேறியிருந்த ஒன்பது வழிகளை எடுத்துக்கொண்டு, அந்தக் குறைவு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தார்கள். சில மணி நேரம், சில நாள் கழித்து அளந்தபோது ஒன்றும் மிச்சமில்லை. ஃபிராங்க் டாபினும் அலெக்ஸாண்ட்ரா காலெவும் அமெரிக்க நிறுவனங்களின் பல்லாண்டுத் தரவை வைத்து எழுதி வந்திருப்பதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது: கட்டாயப் பயிற்சியால் மேலாளர் பதவிகளின் முகம் மாறவில்லை, இன்னாருக்கு இது பொறுப்பு என்று ஆளைக் குறித்து வைத்த இடங்களில் மாறியது. மனதை எடை போடும் நேரத்தில் காகிதத்தை, அதாவது படிவங்களையும் விதிகளையும், திருத்துங்கள் என்பதுதான் என் கட்சி. காகிதத்தைத் தொட்ட மணி நேரங்களில் இந்தப் பயிற்சி நன்றாக இருந்தது, மனதைத் தொடப் போன மணி நேரங்களில் வழிந்தது.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, நூலகத்தின் மேல்மாடியில் ஒரு முழு நாள். எல்லா ஊழியரும் வரலாம் என்பதால் கூட்டம் கலவையாக இருந்தது. ஆசிரியர்கள், அட்மிஷன் கவுன்டர் பெண்கள், இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்த துப்புரவுப் பணியாளர் ஒருவர், கேம்பஸ் போலீஸ் ஒருவர், ஐடி ஹெல்ப் டெஸ்க்கில் வேலை பார்க்கும் மதுரைக்காரப் பெண். அந்தப் பெண் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நடத்தியவர்கள் இருவர், ஒருவர் முன்னாள் கவுன்சலர், இன்னொருவர் முழுநேரப் பயிற்சியாளர்.

முதல் சுற்று, அவரவர் பெயரின் கதை. சும்மா நேரம் கடத்தும் வேலை என்று நினைத்தேன், அப்படி இல்லை. துப்புரவுப் பணியாளர் குவாத்தமாலாக்காரர். அவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள். சம்பளப் பட்டியலில் ஒன்றை வெட்டிவிட்டார்கள், அதனால் அவருடைய ஓய்வூதியக் கணக்கு இரண்டு ஆளாகப் பிரிந்து கிடக்கிறது. மதுரைப் பெண்ணுக்கு பாஸ்போர்ட்டில் ஒரே பெயர். விசாவில் முதல் பெயர் தெரியாது என்பதற்கான எஃப்என்யு என்ற மூன்று எழுத்தைப் போட்டுவிட்டார்கள். அவளுடைய முதல் அடையாள அட்டையில் அதுதான் பெயர், சம்பளப் பிரிவிலிருந்து ‘அன்புள்ள எஃப்என்யு’ என்று மெயில் வந்ததாம். இதைக் கேட்டு எல்லோரும் சிரித்தோம். ஆனால் அட்மிஷன் கவுன்டர் பெண் சிரிக்காமல் குறித்துக்கொண்டாள். மாணவர் பட்டியலில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தேடிப் பார்க்கிறேன் என்றாள். பயிற்சியில் உருப்படியான முதல் நிமிடம் அது.

என் முறை வந்தபோது, என் பெயருக்குப் பின்னால் இருப்பது அப்பாவின் பெயர், குடும்பப் பெயர் அல்ல என்றேன். ஏன் குடும்பப் பெயர் இல்லை என்று பயிற்சியாளர் கேட்டார். எங்கள் ஊரில் அந்த இடத்தில் சாதிதான் இருந்தது, 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டுக் காலத்திலிருந்தே அதை வெட்டும் பழக்கம் வளர்ந்தது என்று இரண்டு வரியில் சொன்னேன். ‘வாவ்’ என்றார். சாதி உங்கள் பாடத்தில் எங்கே வருகிறது என்று கேட்டேன். இந்த மாட்யூலில் இல்லை என்றார். எந்த மாட்யூலிலும் இல்லை என்பதை அட்டவணையைப் புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அடுத்தது, ஹாலின் நடுவில் எல்லோரையும் ஒரே கோட்டில் நிற்க வைத்து ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடி முன்னே, ஒரு அடி பின்னே நகரச் சொல்லும் விளையாட்டு. சின்ன வயதில் வீட்டில் ஐம்பது புத்தகத்துக்கு மேல் இருந்ததா? ஒரு அடி முன்னே. கடையில் காவலாளி உன் பின்னாலேயே நடந்திருக்கிறானா? ஒரு அடி பின்னே. உன் உச்சரிப்பைப் பார்த்து யாராவது சிரித்திருக்கிறார்களா? பின்னே. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தது நீயா? பின்னே. கடைசியில் பார்த்தால் முன்னால் இரண்டு வெள்ளைக்கார ஆசிரியர்கள் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். சுவரை ஒட்டித் தனியாகத் துப்புரவுப் பணியாளர். தன் வாழ்க்கையை நாற்பது பேருக்குப் படம் போட்டுக் காட்டுவதற்காக அவர் தூக்கத்தை விட்டு வந்திருக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கற்றுக்கொள்ள ஒருவரைக் காட்சிப் பொருளாக்கும் இந்த விளையாட்டை அவர்கள் உடனே தூக்கிப் போட வேண்டும். பின்னூட்டப் படிவத்திலும் இதைத்தான் எழுதினேன்.

நானும் மதுரைப் பெண்ணும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றிருந்தோம். மதியம் சாண்ட்விச் டப்பாவை எடுத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்குப் போனோம். அவள் ஊறுகாய் பாட்டிலைத் திறந்துகொண்டே சொன்னாள்.

“அக்கா, நம்ம ஊர் கேள்வி ஒண்ணே ஒண்ணு கேட்டிருந்தா நீங்களும் நானும் ஒரே இடத்துல நின்னுருக்க மாட்டோம்.”

“என்ன கேள்வி கேட்டிருக்கணும்ங்கற?”

“ஒங்க தெருவுக்குள்ள எங்கம்மா செருப்பு போட்டு நடக்க முடியுமான்னு. வேற என்ன.”

அவள் கோபத்தில் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னாள். அவள் சொன்னது உண்மை. எங்கள் தெருவில் நடந்திருக்க முடியாது. நிறம், மொழி, விசா என்று அமெரிக்கா கேட்ட கேள்விகளுக்கெல்லாம் எங்கள் இருவருக்கும் ஒரே விடை. இங்கே அதை ‘தெற்காசியர்’ என்ற ஒரே கட்டத்தில் அடைத்துவிட்டார்கள்.

கலிஃபோர்னியாவில் இது பேசப்படாத விஷயமும் இல்லை. கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி அப்போதிருந்த தன் 23 வளாகங்களுக்குமான பாகுபாடு தடுப்புக் கொள்கையில் 2022 ஜனவரியிலேயே சாதியைச் சேர்த்துவிட்டது. எங்களிடம் படித்துவிட்டு மாறிப் போகும் பிள்ளைகளில் நிறையப் பேர் போவது அங்கேதான். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே வருடம் கலிஃபோர்னியா சட்டமன்றத்தில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்யும் எஸ்பி 403 மசோதா நிறைவேறி ஆளுநர் நியூசமின் மேசைக்குப் போனது. இருக்கும் சட்டங்களே இதைத் தடுக்கின்றன, தனிச் சட்டம் தேவையில்லை என்று அக்டோபரில் திருப்பி அனுப்பினார். ஏற்கெனவே தடை என்றால், அதைப் பற்றி ஊழியர்களுக்கு ஒரு ஸ்லைடாவது போட வேண்டாமா? எங்கள் கவுன்சலர் ஒருவருக்கு, ரூம்மேட் தன் சாதியைத் தெரிந்துகொண்டு தனிப் பாத்திரம் வைத்ததாக ஒரு மாணவி வந்து சொன்னால், அது எந்தப் படிவத்தில் எந்தக் கட்டம் என்று தெரியாது. ‘ரூம்மேட் தகராறு’ என்று எழுதுவார். அது போதாது.

மதியத்துக்கு மேல் பயிற்சி வேறு பயிற்சி ஆனது. காலையில் இருந்த ஆட்கள்தானா என்று தோன்றும் அளவுக்கு.

முதலில் கவுன்டர். ஹாலில் ஒரு மேசையைப் போட்டு, அட்மிஷன் ஊழியர்களையே உட்கார வைத்து, நாங்கள் மாணவர்களாகப் போனோம். எனக்குக் கொடுத்த சீட்டில் இருந்தது: நீ ஃப்ரெஸ்னோவில் பிறந்தவள், பெற்றோர் பஞ்சாபிகள், நான்கு வருடம் உள்ளூர் உயர்நிலைப் பள்ளி. வெளிநாட்டு மாணவர் அலுவலகம் அடுத்த கட்டடத்தில் என்று ஊழியர் கை காட்டும் காட்சியை நடித்துக் காட்டச் சொன்னார்கள். கை காட்டுவது ஒரு நொடி வேலை. அதன் விலை என்னவென்று அப்போதுதான் பலகையில் கணக்குப் போட்டார்கள். மாநிலத்தில் குடியிருப்பவருக்கு யூனிட்டுக்கு 46. வெளியார் என்று பதிவானால் அதற்கு மேல் யூனிட்டுக்குச் சில நூறு டாலர். மூன்று பாடம் எடுக்கும் பெண்ணுக்கு அது செமஸ்டர் கட்டணமாக இருக்காது, படிப்பை விடுவதற்கான காரணமாக இருக்கும். குடியேற்ற ஆவணமில்லாத பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. 2001இல் வந்த ஏபி 540 சட்டப்படி கலிஃபோர்னியாப் பள்ளிகளில் மூன்று வருடம் படித்திருந்தால், மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், அவர்கள் வெளியார் கட்டணம் கட்ட வேண்டாம். ஆனால் கவுன்டரில் அந்தக் கேள்வியைக் கேட்டால்தானே தெரியும்.

அங்கே யாரும் யாருடைய மனதையும் தோண்டவில்லை. ஊழியர்களே பேசி முடிவு செய்தார்கள்: முகத்தைப் பார்த்து அல்ல, வருகிற ஒவ்வொருவரிடமும் மூன்றே கேள்வி, ஒரே வரிசையில், ஒரே சொற்களில். கடைசியாக எந்த ஊர்ப் பள்ளியில் படித்தாய், எத்தனை வருடம், இப்போது எங்கே குடியிருக்கிறாய். இருபது வருடமாகக் கவுன்டரில் இருக்கும் ஓர் அம்மா, ‘இதை எங்களிடம் முதல் நாளே கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே’ என்றார். காலையில் அவர் வாயே திறக்கவில்லை.

பிறகு சிலபஸ். இங்கே சிலபஸ் என்றால் பாடத்திட்டத்தோடு வகுப்பின் விதிகளும் சேர்ந்த தாள். அவரவர் சிலபஸை அச்சிட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1999இல் எஸ்தெலா பென்சிமோன் தொடங்கிய நகர்ப்புறக் கல்வி மையம் இந்த மாதிரி ஆவணங்களை வரிக்கு வரி சோதிக்கும் முறையைக் கல்லூரிகளுக்குச் சொல்லிக் கொடுத்தது. அதன் வழி வந்த பயிற்சி இது. இரண்டு பேனா கொடுத்தார்கள். மாணவரை மிரட்டும் வாக்கியங்களைச் சிவப்பில், மாணவர் என்ன செய்யலாம் என்று சொல்லும் வாக்கியங்களைப் பச்சையில் கோடு போடச் சொன்னார்கள். என் பக்கத்தில் இருந்த வேதியியல்காரரின் தாள் ரத்தக் களரி. தாமதமாக வந்தால் ஏற்கப்படாது, ஃபோன் அடித்தால் வெளியேற்றப்படுவாய், இரண்டு முறை வராவிட்டால் பெயர் நீக்கப்படும், எல்லாம் பெரிய எழுத்தில். ஆய்வகத்தில் அமிலம் இருக்கிறது, கொஞ்சம் மிரட்டத்தான் வேண்டும் என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அமிலத்தைப் பற்றிய வரி நான்காம் பக்கத்தில் இருந்தது. ஃபோன் முதல் பக்கத்தில்.

தாமத வீட்டுப்பாடம் பற்றிப் பெரிய சண்டை நடந்தது. காலக்கெடுவே வேண்டாம் என்றார் பயிற்சியாளர். எனக்கு அது ஒப்பவில்லை. நிகழ்தகவு புரியாமல் கருதுகோள் சோதனைக்குப் போனால் அந்தப் பிள்ளைக்கு ஐந்து வாரம் வீண். கெடு என்பது அவளுக்காகத்தான். ஆனால் விவாதத்தில் ஓர் ஆங்கில ஆசிரியை சொன்ன விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. ‘கேட்டால் கொடுப்பேன்’ என்கிற ஆசிரியர்தான் தன்னை இரக்கமுள்ளவர் என்று நினைத்துக்கொள்கிறார். யார் வந்து கேட்கிறார்கள் என்று பாருங்கள், என்றார். உண்மைதான். டாக்டர் வீட்டுப் பிள்ளை சனிக்கிழமை ராத்திரியே மெயில் போடும். கிடங்கிலிருந்து வரும் அம்மா கேட்கவே மாட்டாள், பூஜ்யத்தை வாங்கிக்கொண்டு போவாள். ஆசிரியரின் பெருந்தன்மை கேட்கத் தெரிந்தவருக்கே போய்ச் சேருகிறது. ஆகவே இப்போது என் சிலபஸில், செமஸ்டருக்கு இரண்டு வீட்டுப்பாடங்களை ஒரு வாரம் தாமதமாக யாரும் கொடுக்கலாம், காரணம் சொல்ல வேண்டாம், கேட்கவும் வேண்டாம் என்று அச்சடித்திருக்கிறது.

ஆசிரியரைப் பார்க்கும் நேரத்துக்கு ‘ஆபீஸ் அவர்’ என்று போடாமல் ‘மாணவர் நேரம்’ என்று போடச் சொன்னார்கள். போடலாம், செலவில்லை. பார்ட் டைம் ஆட்களுக்கு ஆபீஸே கிடையாது என்பதால் எனக்கு இது பொருத்தமான சீர்திருத்தமும்கூட.

கடைசி மணி நேரம் தரவு. இதை நடத்தியவர் வெளியாள் அல்ல, கல்லூரியின் ஆய்வுப் பிரிவுக்காரர். ஒவ்வொரு ஆசிரியருக்கும் அவரவர் வகுப்பின் தேர்ச்சி விகிதம் இனவாரியாகப் பிரிந்து திரையில் வந்தது, வேறு யாருக்கும் தெரியாமல். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. முப்பத்தாறு பேர் வகுப்பில் ஒரு பிரிவில் ஐந்து பேர். மூன்று பேர் தேறினால் 60 சதவீதம். ஒருவர் ஷிஃப்ட் மாறிப் பாதியில் நின்றால் 40. இருபது சதவீதம் சரிந்தது, என்ன பாரபட்சம் செய்தாய் என்று கேட்டால் நான் என்ன சொல்வது? ஐந்து பேரை வைத்துச் சதவீதம் போடும் மாணவனுக்கு நானே மார்க் குறைப்பேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. சரி, சதவீதத்தை விடுங்கள் என்று திரையை மாற்றினார். பல செமஸ்டர்களை ஒன்றாகக் கூட்டி, தேறாதவர்களை இரண்டாகப் பிரித்தார்: கடைசிவரை இருந்து ஃபெயில் ஆனவர்கள், பாதியில் டபிள்யூ (பாடத்தைக் கைவிட்டதற்கான குறி) வாங்கிக்கொண்டு போனவர்கள். இங்கே தேர்ச்சி விகிதம் போடும்போது வகுக்கும் தொகையில் டபிள்யூவும் சேரும், பலருக்கு அதுவே தெரியாது. கல்லூரி முழுக்கப் புள்ளியியல் வகுப்புகளில் இடைவெளியின் பெரும்பகுதி அந்த டபிள்யூவில் இருந்தது. அடுத்த ஸ்லைடு, அவர்கள் எந்த வாரத்தில் போனார்கள் என்பது. முதல் தேர்வு திரும்பி வந்த வாரம், அதற்கு அடுத்த வாரம். என் அபிப்பிராயத்தில் மொத்தப் பயிற்சியும் இந்த இரண்டு ஸ்லைடுக்குச் சமம். உன் மனதில் என்ன இருக்கிறது என்ற கேள்வியே இங்கு எழவில்லை. அந்தத் தேர்வுத் தாள் திரும்பி வரும் ஐந்தாம் வாரத் திங்கட்கிழமை நீ என்ன செய்யப் போகிறாய் என்பதுதான் கேள்வி.

அதற்கு அவர்கள் கையில் கொடுத்ததும் சின்ன வேலைகள்தான். ஆன்லைன் வகுப்பு விவாதப் பலகைகளை வைத்து ரேச்சல் பேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட சோதனையைக் காட்டினார்கள். 124 ஆன்லைன் பாடங்களில் கற்பனை மாணவர்கள் பெயரில் கருத்துகளைப் பதிந்தார்கள். பெயரைப் பார்த்தாலே இனமும் பாலினமும் தெரியும்படி. வெள்ளை ஆண் பெயருக்கு ஆசிரியர் பதில் எழுதும் வாய்ப்பு மற்றவர்களைவிட 94 சதவீதம் அதிகமாக இருந்தது. இந்தியப் பெயர்களும் அந்தச் சோதனையில் உண்டு, பதில் எழுதிய ஆசிரியர்களில் நம்மவர்களும் இருந்திருக்கலாம். மருந்து மிகச் சாதாரணமானது: யாருக்குப் பதில் போட்டோம் என்று ஒரு எக்செல் பட்டியல், வாரம் ஒரு முறை அதைப் பார்ப்பது. இன்னொன்று, தாளைத் திருத்தி மார்க் போட்டதோடு நிற்காமல், ‘உன்னிடம் நான் நிறைய எதிர்பார்க்கிறேன், உன்னால் எட்ட முடியும் என்று தெரிந்துதான் இவ்வளவு குறிப்பு எழுதியிருக்கிறேன்’ என்ற பொருளில் ஒரு வரி. டேவிட் யேகரும் ஜெஃப்ரி கோஹெனும் குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அந்த ஒரு வரி இருந்த கட்டுரைகளைத் திருத்தி எழுதிக் கொடுத்த கறுப்பின மாணவர்களின் பங்கு வெகுவாகக் கூடியது. அது ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்தது. எங்கள் லாரி டிரைவர் தாத்தாவிடம் அதே வரியை எழுதினால், எதற்கம்மா இந்தச் சோப்பு என்பார். அவருக்கு நான் வேறு மாதிரி எழுதுகிறேன்: ஏழாவது கணக்கில் வழி சரி, கூட்டல் தப்பு, வியாழக்கிழமை ஐந்து நிமிடம் முன்னால் வாருங்கள்.

இனி பார்ட் டைம் விஷயம். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் தலைக்கணக்காகப் பார்த்தால் ஆசிரியர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நாங்கள்தான். ஒரு கல்லூரி மாவட்டத்தில் (கல்லூரிகளை நிர்வகிக்கும் வட்டார அமைப்பு) முழுநேர வேலையில் 67 சதவீதத்துக்கு மேல் எங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதால் இரண்டு மூன்று மாவட்டங்களுக்கு காரில் ஓடுகிறோம். மாணவர் பெரும்பாலும் சந்திப்பது எங்களை. ஹாலில் இருந்ததோ பெரும்பாலும் நிரந்தர ஆசிரியர்கள், அதிலும் ஏற்கெனவே இதிலெல்லாம் அக்கறை உள்ளவர்கள். வெள்ளிக்கிழமை இன்னொரு கல்லூரியில் வகுப்பு இருப்பவர் எப்படி வருவார்? வந்திருக்க வேண்டியவர்களைப் பற்றி வந்தவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மாணவரோடும் உறவை வளர்த்துக்கொள்ளுங்கள் என்று ஸ்லைடு போட்டபோது, எந்த அறையில், எந்தச் சம்பளத்தில் என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. என் குரல் அல்ல, ஆனால் கை தட்டினேன்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் காலைக்கு ஒன்று, மதியத்துக்கு நாலரை, ஆன்லைனுக்கு எதுவும் போட மனம் வரவில்லை. மே மாதம் ஜூமில் தொடர்கூட்டம் வைத்தார்கள். ஜனவரியில் வந்தவர்களில் கால்வாசிப் பேர்தான் இருந்தோம். அட்மிஷன் கவுன்டரில் அந்த மூன்று கேள்வியும் லேமினேட் செய்து ஒட்டியாகிவிட்டது என்றார்கள். எஃப்என்யு மாணவர்களுக்குப் பெயர் திருத்தும் படிவம் இன்னும் ஐடி பிரிவின் வரிசையில் நிற்கிறதாம், மதுரைப் பெண் துரத்திக்கொண்டிருக்கிறாள். சாதி பற்றிக் கேட்டிருந்தேனே என்றதற்கு அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள்.

உங்கள் கல்லூரியில் இப்படி ஒன்று வந்தால், முழு நாளுக்கும் போக முடியாவிட்டால் மதியத்துக்கு மட்டும் போக முடியுமா என்று கேளுங்கள், பல இடங்களில் விடுவார்கள். சிலபஸை அச்சிட்டுக் கொண்டுபோங்கள், லேப்டாப்பில் சிவப்புக் கோடு போட்டால் உறைக்காது. பார்ட் டைமில் இருப்பவர்கள் பெயர் கொடுப்பதற்கு முன்பே, எந்தெந்த மணி நேரத்துக்குக் காசு, டைம்ஷீட்டை யாரிடம் எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பதை மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள், ஜனவரிப் பணம் எனக்கு ஏப்ரல் சம்பளத்தில்தான் வந்தது.